சின்ன வண்டியின் சந்தோஷம்: திருவொற்றியூர் புல்லட்டும் சோழவரத்து நூறு சிசியும்

சோழவரம் என்றதும் இன்றைக்குப் பெரும்பாலானவர்களுக்கு ஏரிதான் ஞாபகம் வரும். கோடையில் எத்தனை மில்லியன் கன அடி தண்ணீர் மிச்சம் என்று பேப்பரில் போடுவார்களே, அந்த ஏரி. ஆனால் ஐம்பத்தைந்து வயதைத் தாண்டிய சென்னைக்காரர் யாரிடமாவது சோழவரம் என்று சொல்லிப் பாருங்கள். "ரேஸ்" என்பார். அடுத்த அரை மணி நேரம் உங்களை விடமாட்டார்.

செங்குன்றத்தைத் தாண்டி, ஜி.என்.டி. ரோட்டில் கும்மிடிப்பூண்டி பக்கம் போகும் வழியில் இருக்கிறது இந்த ஊர். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் இங்கே ஒரு விமான ஓடுதளம் போட்டார்கள். போர் முடிந்ததும் விமானங்கள் போய்விட்டன, கான்கிரீட் மட்டும் மிஞ்சியது. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அந்த ஓடுதளத்தைப் பந்தயத்துக்கு எடுத்துக்கொண்டது. இதில் புதுமை ஒன்றும் இல்லை. இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் போர்க்கால விமானத் தளம்தான், கல்கத்தாக்காரர்கள் பாரக்பூர் ஓடுதளத்தில் ஓட்டினார்கள். போருக்குப் பிந்தைய உலகத்தில் பந்தயத்துக்கு அகலமான, நேரான, மாடு குறுக்கே வராத தரை வேண்டுமென்றால் விமானப் படையிடம்தான் இருந்தது. 1980-களின் கடைசி வரை சோழவரத்தில் பந்தயம் நடந்தது. அப்புறம் கிளப் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் சொந்தமாகத் தடம் கட்டிக்கொண்டு அங்கே போய்விட்டது.

சோழவரம் பற்றி எழுதுபவர்கள் பொதுவாகக் கார்களைப் பற்றித்தான் எழுதுவார்கள். மகாராஜாக்கள், விஜய் மல்லையாவின் ஃபார்முலா கார், கோவை கரிவரதன் என்று போகும். எனக்கு அதில் ஆர்வம் குறைவு. அதே ஓடுதளத்தில் மொபெட்டுக்கும் பந்தயம் இருந்தது, நூறு சிசி பைக்குக்கும் இருந்தது. என் ஆர்வம் அந்தப் பக்கம். பெரிய வண்டியை விடச் சின்ன வண்டி ஓட்டுவதில் ஏன் அதிக சந்தோஷம் கிடைக்கிறது என்ற கேள்விக்கு, திருவள்ளூர் மாவட்டத்துக்குள்ளேயே ஒரு வரலாற்று விடை இருக்கிறது என்பது என் எண்ணம். அதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் பெரிய வண்டி. சோழவரத்திலிருந்து தென்கிழக்கே, கடற்கரையை ஒட்டி, திருவொற்றியூர். 2018-ல் சென்னை மாவட்டத்தோடு சேர்க்கும்வரை இதுவும் திருவள்ளூர் மாவட்டம்தான். 1955-ல் இங்கிலாந்தின் ரெட்டிட்ச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. ராணுவத்துக்கு ரோந்து வண்டி வேண்டும், 350 சிசி புல்லட்டைத் தேர்ந்தெடுத்தார்கள், அதை இங்கேயே செய்யலாம் என்று முடிவானது. 1970-ல் பிரிட்டனில் ராயல் என்ஃபீல்டு உற்பத்தியே நின்றுபோக, திருவொற்றியூர் மட்டும் விடாமல் புல்லட்டைச் செய்துகொண்டே இருந்தது. தாய்வீடு இடிந்த பிறகும் பெண் வாழ்ந்தாள், 1977-ல் அந்த வண்டியைப் பிரிட்டனுக்கே ஏற்றுமதியும் செய்தாள். இந்தக் கதை எல்லோருக்கும் தெரியும்.

பலருக்குத் தெரியாதது, இதே கம்பெனி சின்ன வண்டிக்காகப் பட்ட பாடு. 1960-களில் ஃபேன்டாபுலஸ் என்று 175 சிசி ஸ்கூட்டர் ஒன்று போட்டார்கள். பிறகு 200 சிசி மினி புல்லட். 1980-களில் ஜெர்மனியின் சூண்டாப் கம்பெனி தொழில்நுட்பத்தை வாங்கி 50 சிசி சில்வர் பிளஸ், எக்ஸ்ப்ளோரர், அப்புறம் ஃப்யூரி 175. ஃப்யூரியில் ஐந்து கியர், முன்னால் டிஸ்க் பிரேக்! அந்தக் காலத்து இந்திய வண்டியில் டிஸ்க் பிரேக் என்பது கனவு. ஆனால் சூண்டாப் 1984-ல் திவாலானது, இங்கே இந்த வண்டிகள் எதுவும் நிலைக்கவில்லை. எனக்குத் தனிப்பட்ட முறையில் எக்ஸ்ப்ளோரர் மேல் ஒரு பாசம் உண்டு. பொம்மை மாதிரி இருக்கும், ஆனால் கியர் உண்டு, டேங்க் உண்டு, அசல் பைக் போலக் கால் போட்டு உட்கார வேண்டும்.

என்ஃபீல்டின் சின்ன வண்டி வரலாற்றில் இன்னும் பின்னால் போனால் விஷயம் சுவாரஸ்யமாகிறது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் பாராசூட் படைக்காக ராயல் என்ஃபீல்டு 125 சிசி டூ-ஸ்ட்ரோக் வண்டி ஒன்றைச் செய்தது. அறுபது கிலோவுக்குள் எடை. கிளைடர் விமானத்தில் ஏற்றுவார்கள், கூண்டில் வைத்துப் பாராசூட்டில் இறக்குவார்கள். ஃப்ளையிங் ஃப்ளீ, பறக்கும் தெள்ளுப்பூச்சி என்று செல்லப் பெயர். ஆனால் அது என்ஃபீல்டின் சொந்த மூளை அல்ல. ஜெர்மனியின் டிகேடபிள்யூ கம்பெனி சோப்பாவ் என்ற ஊரில் செய்துகொண்டிருந்த சின்ன ஆர்டி வண்டியின் நகல். நெதர்லாந்தின் ரோட்டர்டாமில் அந்த வண்டியை விற்றுக்கொண்டிருந்த கம்பெனியை நடத்தியவர்கள் யூதர்கள். நாஜி ஆட்சியில் டிகேடபிள்யூ அவர்களிடமிருந்து விற்பனை உரிமையைப் பிடுங்கியது. அவர்கள் நேராக ரெட்டிட்ச் போய், "இதே மாதிரி ஒன்று செய்து கொடுங்கள்" என்று கேட்டார்கள். அப்படிப் பிறந்த வண்டி, கடைசியில் ஜெர்மனிக்கு எதிராகவே போருக்குப் போனது.

போர் முடிந்த பிறகு டிகேடபிள்யூவின் ஆர்டி 125-ஐ உலகமே நகலெடுத்தது. பிரிட்டனில் பிஎஸ்ஏ பான்டம், அமெரிக்காவில் ஹார்லியின் 125, ரஷ்யாவில் ஒன்று. ஜப்பானில் பியானோ செய்துகொண்டிருந்த ஒரு கம்பெனி 1955-ல் தன் முதல் மோட்டார் சைக்கிளைப் போட்டது. அதுவும் இந்த ஆர்டியைப் பார்த்துச் செய்ததுதான். பெயர் ஒய்ஏ-1, கம்பெனி யமஹா. என்ஃபீல்டு இந்தியா தொடங்கியதும் அதே 1955-ல்!

ஆக இரண்டு வம்சங்கள். ஒன்று ரெட்டிட்ச் வழி வந்த பெரிய ஃபோர்-ஸ்ட்ரோக். இன்னொன்று சோப்பாவ் வழி வந்த சின்ன டூ-ஸ்ட்ரோக். சின்ன வண்டி என்பது பெரிய வண்டியைத் துவைத்துச் சுருக்கியது அல்ல, அதன் பூர்வீகமே வேறு. இதைப் புரிந்துகொள்ள இன்னும் ஒரே ஒரு ஆளைப் பார்க்க வேண்டும்.

போருக்குப் பிறகு சோப்பாவ் கிழக்கு ஜெர்மனிக்குள் போனது. அதே தொழிற்சாலை எம்இசட் ஆனது. அங்கே வால்டர் காடன் என்ற பொறியாளர் பணம் இல்லாமல், நல்ல உலோகம் கிடைக்காமல், டூ-ஸ்ட்ரோக் இன்ஜினை வைத்து அதிசயம் செய்தார். முக்கியமானது சைலன்சர். டூ-ஸ்ட்ரோக்கில் எரிந்த புகை வெளியே போகும்போது புதுப் பெட்ரோல் கலவையும் கொஞ்சம் கூடவே ஓடிவிடும். காடன் புகைக்குழாயை நடுவில் வயிறு பெருத்து, முனையில் குறுகும்படி செய்தார். புகை அலை அந்தக் குறுகலில் மோதித் திரும்பி வந்து, ஓடிப்போகப் பார்த்த கலவையை மறுபடி சிலிண்டருக்குள்ளே தள்ளும். இது எல்லா வேகத்திலும் நடக்காது. அலை திரும்பி வரும் நேரமும் பிஸ்டன் வழியை அடைக்கும் நேரமும் ஒத்துப்போகும் ஒரு குறிப்பிட்ட ஆர்.பி.எம். எல்லைக்குள்தான் நடக்கும். அந்த எல்லைக்குள் நுழைந்ததும் வண்டியை யாரோ பின்னாலிருந்து உதைத்த மாதிரி இருக்கும். 1961-ல் எம்இசட்டின் 125 சிசி இன்ஜின் 25 ஹெச்.பி. கொடுத்தது. லிட்டருக்கு 200. டர்போ மாதிரி எதுவும் இல்லாமல் அந்த அளவை உலகில் முதலில் தொட்ட இன்ஜின் அது.

அதே 1961-ல், பெர்லின் சுவர் எழும்பிய அடுத்த மாதம், எம்இசட்டின் முன்னணி வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் ஸ்வீடன் பந்தயத்துக்குப் போனவர் திரும்பவில்லை. மனைவி குழந்தைகளைக் காரின் டிக்கியில் ஒளித்து மேற்கே கொண்டுவந்துவிட்டார்கள். டெக்னர் போன இடம் சுசுகி. காடனின் ரகசியம் அவர் தலைக்குள் இருந்தது. அடுத்த வருடமே, 1962-ல், புதிதாக ஆரம்பித்த 50 சிசி உலக சாம்பியன் பட்டம் சுசுகிக்கும் டெக்னருக்கும். நான் படித்த தொழில்நுட்பத் திருட்டுக் கதைகளிலேயே இவ்வளவு சினிமாத்தனமானது வேறில்லை. அப்புறம் 50 சிசி பந்தயத்தில் பைத்தியக்காரத்தனம் எல்லை மீறியது. சுசுகி 14 கியர் வைத்தது, ஹோண்டாவின் 50 சிசி இரட்டை சிலிண்டர் இருபதாயிரம் ஆர்.பி.எம். தாண்டிச் சுற்றியது. பவர் கிடைக்கும் எல்லை அவ்வளவு குறுகல், அதை விட்டு விலகாமல் இருக்க அத்தனை கியர் தேவைப்பட்டது.

இந்த வம்சம் நம்மூருக்கு வந்தது 1980-களில். 1980-ல் ஓசூரில் டிவிஎஸ் 50. இரண்டு பேர் உட்காரலாம் என்பதே அதன் பெரிய விளம்பரம். 1982-ல் டிவிஎஸ் தன் பந்தயப் பிரிவையும் தொடங்கிவிட்டது. அப்போது அவர்களிடம் இருந்தது மொபெட் மட்டும்தான் என்பதைக் கவனியுங்கள்! பிறகு ஜப்பான் கூட்டுக்கு அரசு கதவைத் திறந்ததும், 1984-ல் இன்ட்-சுசுகி ஏஎக்ஸ் 100, 1985-ல் ஹீரோ ஹோண்டா சிடி 100, அதே வருடக் கடைசியில் எஸ்கார்ட்ஸின் யமஹா ஆர்எக்ஸ் 100, அப்புறம் கவாசாகி பஜாஜ் கேபி 100. நாலும் நூறு சிசி வகுப்பு. ஹோண்டா மட்டும் ஃபோர்-ஸ்ட்ரோக், மைலேஜ் பக்கம் போனது. மற்ற மூன்றும் டூ-ஸ்ட்ரோக். காடனின் மூளை ஹமாமட்சு வழியாகச் சுற்றி, ஓசூர் லாரியில் ஏறி, சோழவரம் ஓடுதளத்துக்கு வந்து சேர்ந்தது என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான். ஆனால் பொய் இல்லை.

இப்போது கணக்கு. நான் மென்பொருள் ஆள், ஆனாலும் பி.இ. படித்த பாவத்துக்கு இதைப் போட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

ஆர்எக்ஸ் 100: 11 ஹெச்.பி., 103 கிலோ. பழைய புல்லட் 350: 18 ஹெச்.பி., சுமார் 165 கிலோ. ஒரு ஹெச்.பி. எத்தனை கிலோவை இழுக்கிறது என்று வகுத்தால் ஆர்எக்ஸுக்கு 9.4, புல்லட்டுக்கு 9.2. ஏறக்குறைய சமம்! ஓட்டுபவர் 65 கிலோ என்று சேர்த்தால் புல்லட்டுக்கு இன்னும் சாதகம்: அதற்கு 12.8, ஆர்எக்ஸுக்கு 15.3. காகிதத்தில் புல்லட் ஜெயிக்க வேண்டும். ஆனால் 1990-களில் எந்த சிக்னலில் நின்றவருக்கும் தெரியும், பச்சை விழுந்ததும் யார் முன்னால் போனார் என்று.

காரணம் இன்ஜினுக்குள்ளே இருக்கிறது. புல்லட்டின் பிஸ்டன் 70 மி.மீ. அகலம், 90 மி.மீ. பயணம். ஆர்எக்ஸ் 50-க்கு 50. புல்லட் சீராகத் துடிக்க வேண்டுமென்றால் பெரிய ஃப்ளைவீல் வேண்டும், அந்த "டப் டப்" சத்தத்துக்கு நடுவே வண்டி நின்றுபோகாமல் இருப்பது அதனால்தான். இப்படி உள்ளே சுற்றுகிற எடை, கியர் விகிதத்தின் வர்க்கத்தால் பெருகி வண்டியின் எடையோடு சேர்ந்துகொள்ளும். முதல் கியரில் புல்லட் தன் அசல் எடையைவிடக் கனமான வண்டி மாதிரி நடந்துகொள்கிறது. முறுக்கினால் முதலில் ஃப்ளைவீலுக்குச் சாப்பாடு, மிச்சம்தான் சக்கரத்துக்கு. ஆர்எக்ஸில் ஃப்ளைவீல் என்று பெரிதாக ஒன்றும் இல்லை, போதாக்குறைக்கு டூ-ஸ்ட்ரோக், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடி. 6000 ஆர்.பி.எம்.மில் நிமிடத்துக்கு 6000 வெடி. புல்லட் 4000-ல் சுற்றினாலும் 2000 வெடிதான்.

இன்னொரு சின்னக் கணக்கும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. ஆர்எக்ஸ் முழு பவர் தரும் 7500 ஆர்.பி.எம்.மில் அலறும்போது, பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 12.5 மீட்டர். புல்லட் தன் முழு பவருக்காக 5600 பக்கம் போகும்போது கிட்டத்தட்ட 17 மீட்டர். அலறுகிற சின்ன இன்ஜின் வலியில் அலறவில்லை, அதற்கு அது இயல்பான வேலை. கம்பீரமாக முழங்கும் பெரிய இன்ஜினைத்தான் அந்த எல்லையில் வதைக்கிறோம். அதனால்தான் ஆர்எக்ஸைக் கடைசிவரை முறுக்கும்போது மனசு உறுத்துவதில்லை, புல்லட்டை அப்படி முறுக்க யாருக்கும் மனசு வருவதில்லை. புல்லட்காரர் மெதுவாகப் போவது கௌரவத்துக்காக என்று நினைத்திருந்தேன். பாதி அதுதான், மீதி பிஸ்டன்.

இதைத் தரையில் சோதிக்க கும்மிடிப்பூண்டி சாலையைவிட நல்ல இடம் இல்லை. ஜி.என்.டி. ரோடு, பழைய என்.எச். 5, இப்போது என்.எச். 16. காரனோடை பாலம், தச்சூர் கூட்டுரோடு, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி சிப்காட், ஆரம்பாக்கம், தாண்டினால் ஆந்திராவின் தடா. ஆறு வழி, நேர்கோடு. நண்பரின் இன்டர்செப்டார் 650-ஐ ஒரு ஞாயிற்றுக்கிழமை இதில் ஓட்டினேன். 47 ஹெச்.பி., 217 கிலோ, அதுவும் நம்ம ஊர் தயாரிப்புதான். அருமையான வண்டி, குறை சொல்ல மனசே வராது. ஆனால் இரண்டாவது கியரிலேயே 80-ஐத் தாண்டிவிடுகிறது. மத்திய அரசின் 2018 அறிவிப்புப்படி நான்கு வழிச் சாலையில் இரு சக்கர வண்டிக்கு அதிகபட்சம் 80 கி.மீ. அப்படியென்றால் மீதி நான்கு கியர் எதற்கு? சட்டப்படி ஓட்டினால் இன்ஜினில் பாதிக்கு மேல் தூங்கிக்கொண்டு வருகிறது. எழுப்பினால், 120-ல் வண்டியும் நானும் சேர்ந்து சுமக்கும் இயக்க ஆற்றல், ஆர்எக்ஸில் 60-ல் போவதைப் போல ஏழு மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. பிரேக்கும், விழுந்தால் எலும்பும், தாங்க வேண்டிய கணக்கு அது.

சாயங்காலம் என் மாமாவின் பழைய ஆர்எக்ஸில் பொன்னேரியிலிருந்து பழவேற்காடு போனேன். இருபுறமும் வயல், அப்புறம் உப்பங்கழி, வளைவுகள், திடீரென்று ஒரு ஊர், ஒரு வேகத்தடை, எதிரே மீன் பெட்டி கட்டிய எக்ஸ்எல். வேகம் 50-ஐத் தாண்டியதே குறைவு. ஆனால் ஒரு நிமிடம்கூடக் கை சும்மா இல்லை. வளைவுக்கு முன்னால் கியரைக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் பவர் எல்லைக்குக் கீழே இன்ஜின் விழுந்துவிடும், வெளியே வரும்போது சோம்பேறியாக இழுக்கும். சரியாகச் செய்தால் அந்த உதை கிடைக்கும். தப்பாகச் செய்தால் உடனே தெரியும், ஆனால் தண்டனை இல்லை. இன்டர்செப்டாரில் எந்தக் கியரில் இருந்தாலும் முறுக்கினால் போகும். அங்கே என் தப்பை எல்லாம் வண்டியே சரிசெய்துகொள்கிறது, நான் இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று.

நியாயமாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இதே ஆர்எக்ஸை தச்சூர் கூட்டுரோட்டில், எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகங்களுக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஓட்டினால் சந்தோஷம் எல்லாம் பறந்துவிடும். லாரி தள்ளும் காற்றே வண்டியை நகர்த்தும். ஒதுங்கிப் போகக் கையில் மிச்ச பவர் இல்லை. அங்கே 650 ஒரு பாதுகாப்பு. நெல்லூர்வரை போக வேண்டுமென்றாலும் அதுதான், ஆர்எக்ஸில் போனால் கை மரத்துவிடும். சிப்காட் ஷிஃப்ட் விடும் நேரத்தில் நூறு சிசி வண்டிகள் இந்தச் சாலையைக் குறுக்கே கடக்கத் தவிப்பதைப் பார்த்தால், சின்ன வண்டியின் சந்தோஷம் என்று கட்டுரை எழுதவே கூச்சமாக இருக்கிறது. சின்ன வண்டிக்கு ஏற்ற சாலை ஜி.என்.டி. ரோடாக இருந்த காலம் ஒன்று உண்டு, இரண்டு பக்கமும் புளியமரம் வைத்த காலம். அந்தச் சாலை இப்போது இல்லை.

சோழவரத்துக்குத் திரும்புகிறேன். விமான ஓடுதளம் உண்மையில் பெரிய வண்டிக்குத்தான் வசதி. நீண்ட நேர்கோட்டில் பவர் இருப்பவன் ராஜா. ஆர்எக்ஸை ராஜ்தூத் 350-ஓடு ஓடவிட்டால், அந்தப் பக்கம் 30 ஹெச்.பி. இரட்டை சிலிண்டர், போட்டியே இல்லை. ஆனால் பந்தயம் சிசி வாரியாகப் பிரித்து நடத்தப்படுவது. ஒரே மாதிரி நூறு சிசி வண்டிகள் வரிசையாக நின்றால், நேர்கோட்டில் யாரும் யாரையும் உதறிவிட்டுப் போக முடியாது. முன்னால் போகிறவன் பின்னால் வருகிறவனுக்குக் காற்றைக் கிழித்துக் கொடுக்கிறான். பிரேக் எங்கே பிடிக்கிறாய், வளைவுக்குள் எவ்வளவு வேகத்தைக் காப்பாற்றிக்கொண்டு போகிறாய் என்பதில்தான் எல்லாம். இழந்த வேகத்தைத் திரும்பச் சம்பாதிக்க பவர் கிடையாது. பார்க்கிறவனுக்கு இதைவிட நல்ல பந்தயம் இல்லை.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது யார் ஓட்டினார்கள் என்பது. ஃபார்முலா காருக்கு மில் முதலாளியாகவோ அரச குடும்பமாகவோ இருக்க வேண்டும். நூறு சிசி வண்டியை மெக்கானிக் பையனும் கொண்டுவர முடிந்தது, அதில்தான் மறுநாள் வேலைக்கும் போக வேண்டும். டூ-ஸ்ட்ரோக்கில் வால்வு இல்லை, கேம் இல்லை. சிலிண்டர் சுவரில் இருக்கும் ஓட்டைகள்தான் எல்லாம். புகைப் போர்ட்டை ஒரு மில்லிமீட்டர் மேலே ராவினால் பவர் எல்லை மேலே நகரும். காடன் செய்த அதே வேலையை, கணக்குத் தெரியாமல், கைப்பழக்கத்தில் செய்தார்கள். சாமான் வாங்கப் புதுப்பேட்டை இருக்கவே இருக்கிறது. காரனோடையில் எனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக் இருக்கிறார், வயசு அறுபதைத் தாண்டியவர். மாமா வண்டியைப் பிரித்து வைத்துக்கொண்டு சொன்னார்: "தம்பி, இதுக்கு ரெண்டு அரம் இருந்தா போதும். இப்ப வர்ற வண்டிக்கு லேப்டாப் வேணும். அது உங்க வேலை, என் வேலை இல்ல."

அவர் சொன்னது சரிதான், அந்த மாற்றத்துக்கு நியாயமான காரணமும் உண்டு. ஓடிப்போகும் பெட்ரோல் கலவையைக் காடன் பாதிதான் பிடித்து நிறுத்தினார். மீதி புகையாக நம் நுரையீரலுக்குள் போனது. மாசு விதிகள் இறுக, ஆர்எக்ஸ் 100 1996-ல் நின்றது. 14 ஹெச்.பி. ஷோகன், ஷாவ்லின், ஆர்எக்ஸ் 135 எல்லாம் இன்னும் சில வருடம் தாக்குப்பிடித்தன. கடைசியில் எக்ஸ்எல்கூட 2015-ல் ஃபோர்-ஸ்ட்ரோக் ஆகிவிட்டது. இந்த விதிகளை நான் எதிர்க்கவில்லை, செங்குன்றம் சிக்னலில் பத்து டூ-ஸ்ட்ரோக்குக்குப் பின்னால் நின்றவன் எதிர்க்கவும் மாட்டான். என் வருத்தம் வேறு. டூ-ஸ்ட்ரோக் போனதோடு, "சின்னதாகவும் துடிப்பாகவும் ஒரு வண்டி செய்யலாம்" என்ற எண்ணமே நூறு சிசியிலிருந்து போய்விட்டது. இன்று நூறு சிசி என்றால் மைலேஜ், அவ்வளவுதான். துடிப்பு வேண்டுமென்றால் இரண்டு லட்சம், மூன்று லட்சம், ஐந்து வருட இ.எம்.ஐ. சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கும் பையனுக்கு 1988-ல் எட்டிய சந்தோஷம் இன்று எட்டாத உயரத்தில் இருக்கிறது. முப்பது வயதைத் தாண்டிய ஆர்எக்ஸ் 100 ஒரு லட்சத்துக்கு மேல் விலை போவதற்கு வேறு என்ன காரணம் இருக்க முடியும்? வெறும் பழைய ஞாபகம் என்றால், அது பிறப்பதற்கு முன்பே உற்பத்தி நின்றுபோன வண்டியை இருபது வயதுப் பையன்கள் ஏன் தேடி அலைய வேண்டும்?

பெரியது சின்னது என்ற அளவுகோலே நகர்ந்துவிட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. புதுக் கணக்கு: 350 சிசி வரை 18 சதவீதம், அதற்கு மேல் 40. அதாவது அரசாங்க அகராதிப்படி புல்லட் 350 இப்போது சின்ன வண்டி! திருவொற்றியூரில் எழுபது வருடமாக "பெரிய வண்டி" என்றே பெயர் வாங்கியது அது. இன்னொரு பக்கம், அதே ராயல் என்ஃபீல்டு 2024 நவம்பரில் மிலான் கண்காட்சியில் எலெக்ட்ரிக் வண்டி ஒன்றைக் காட்டியது. மெலிந்த உடம்பு, பாராசூட் வண்டியின் அதே சாயல், பெயரும் அதே ஃப்ளையிங் ஃப்ளீ. சோப்பாவ் வம்சம் மின்சார வேஷத்தில் வீடு திரும்புகிறது. ஆனால் அதில் கியர் இல்லை, அலறல் இல்லை, ராவுவதற்குப் போர்ட்டும் இல்லை. ஓட்டிப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

சோழவரத்தின் வாரிசு இப்போதைக்கு இருங்காட்டுக்கோட்டையில்தான். தேசிய சாம்பியன்ஷிப்பில் 165 சிசி வகுப்பு நடக்கும் நாளாகப் பார்த்துப் போங்கள், பெண்களுக்கும் அதே சிசியில் தனிப் பந்தயம் உண்டு. பெரிய சிசி வகுப்பில் மூன்றாவது சுற்றிலேயே வரிசை பிரிந்து ஆளாளுக்குத் தனியாகப் போய்க்கொண்டிருப்பார்கள். 165-ல் ஏழெட்டுப் பேர் கடைசி வளைவுவரை ஒரே கொத்தாக வருவார்கள், யார் ஜெயித்தார் என்று ஒலிபெருக்கி சொல்லித்தான் தெரியும். பந்தயம் முடிந்து வெளியே வந்தால், பார்க்கிங்கில் நிற்பவர்களில் பாதிப் பேர் இன்னும் ஆர்எக்ஸ்தான் வைத்திருக்கிறார்கள்.

சோழவரம் மோட்டார் சைக்கிள் பந்தயங்களின் நோட்டீஸ், டிக்கெட், கறுப்பு-வெள்ளைப் படங்களைச் சேகரித்து வருகிறேன். கார் படங்கள் நிறையவே வெளிவந்துவிட்டன. மொபெட் பந்தயப் படம் யார் வீட்டு ஆல்பத்திலாவது இருந்தால் ஸ்கேன் செய்து அனுப்புங்கள்.